யாரைக் கேட்டு

மெஹ்ரோத்ரா வக்கீலின் அறையில்
காலையிலிருந்து ஒரே சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்:
கோ வாரண்டோ.
இலத்தீன். பேசியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தபின்
அது மட்டும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு
ஷேர்ஷா சாலை வரை வந்துவிட்டது.
கணினி அதற்குக் கீழே சிவப்புக் கோடு போடுகிறது.
அதற்கும் சந்தேகம்.

ஏதோ ஒரு வாரியத்தின் தலைவர்.
வயது தாண்டிவிட்டது, படிப்பு போதாது,
நாற்காலி மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.
எந்த அதிகாரத்தில் அமர்ந்திருக்கிறீர் என்று
கேட்கப் போகிறோம், ஐந்து பிரதிகளில்,
இரட்டை இடைவெளி விட்டு.

டீக் குவளை எடுக்க வந்த பிரிஜேஷ்
உங்கள் மொழியில் இதற்கு என்ன என்றான்.
சட்டச் சொல்லகராதியில்
ரயில் நீளத்துக்கு ஒன்று உண்டு.
வாயில் வந்தது வேறு:
யாரைக் கேட்டு.

யாரைக் கேட்டு முடியை வெட்டினாய்.
யாரைக் கேட்டு டெல்லிக்கு டிக்கெட் போட்டாய்.
யாரைக் கேட்டு நெத்திலிக் கருவாடு வறுக்கிறாய்
(இது முனிர்க்காவில், மாடியிலிருந்து, இந்தியில்).
முப்பத்தாறு வருடம்
என் தலைமேல் மட்டுமே விழுந்த கேள்வி
இங்கே கோர்ட் ஃபீஸ் கட்டி
மூச்சு வாங்கப் படியேறுகிறது.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பக்க எண் போட்டேன்.

ஆறரை மணிக்கு, வாசலில்
விசில்காரர் என் ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னார்.
காக்கிச் சட்டை, பட்டை இருந்த இடத்தில்
ஊசித் துளைகள்.
இவரை யாரும் நியமிக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.
ஊதினால் அரசாங்க வண்டிகூடப்
பின்னால் போகிறது.

நாள் முழுக்கத் தட்டிய சொல்
விரல் நுனியில் இன்னும் இருந்தது போல.
யாரைக் கேட்டு, பையா? என்றேன்.

கோபப்படவில்லை.
விசிலை எடுத்தார், சட்டையில் துடைத்தார்,
என்னிடம் நீட்டினார்.
நீங்கள் ஊதுங்கள்.

ஊதினேன்.
வெள்ளை இன்னோவா ஒன்று நின்றது.
அதன் பின்னால் ஆட்டோ, பேருந்து,
கட்டுக்கட்டாய் வழக்குக் காகிதம் ஏற்றிய சைக்கிள் ரிக்‌ஷா,
கண்ணுக்கெட்டிய வரை.
ஒருவரும் கேட்கவில்லை.
எல்லோரும் என் கையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

அதை எந்தப் பக்கம் நீட்டுவது என்று
நான்தான்
மெதுவாக
அவரைக் கேட்டேன்.