மிஞ்சிய படம்

தூரின் ஸ்டூடியோவில்
சாபம் பிடித்த சீமாட்டியை ஆறு முறை வரைந்தேன்.
ஐந்து, எரிப்பதற்கு.
ஒன்று, எதற்கும் இருக்கட்டுமென்று.

முகம் வேண்டியிருந்தது.
தையல் பிரிவில் பொத்தான் கோத்துக்கொண்டிருந்த இல்வாவை
ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன்.
"சிரிக்கலாமா?"
வேண்டாம் என்றேன்.
கண்ணில் மட்டும் கொஞ்சம் பச்சை சேர்த்தேன்,
கெட்டுப்போன மீனின் வயிற்றில் இருக்குமே, அந்தப் பச்சை.

கதைப்படி பார்த்தவர் ஏழு பேரும் சாகவேண்டும்.
செத்தார்கள். எழுந்து
ரொட்டியும் சலாமியும் தின்னப் போனார்கள்.
ஐந்தாவது டேக்கில்தான் நெருப்பு ஒழுங்காகப் பிடித்தது.
மிஞ்சியதை இல்வா கேட்டு வாங்கிப்போனாள்,
சமையலறைச் சுவரில் ஓதம் ஏறிய இடத்தை மறைக்க.

நவம்பரில் படம் வெளியானது.
அதன்பின் பேக்கரிக்கார எர்மீனியோ
மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுப்பதில்லை;
பளிங்குப் பலகையில் வைத்துத் தள்ளுகிறார்.
டிராமில் அவளுக்குப் பக்கத்து இருக்கை
கடைசி நிறுத்தம்வரை காலி.

நேற்று செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தாள்:
"அந்தப் பச்சையை மட்டும் எடுத்துவிட முடியுமா?"

பழுப்பைக் குழைத்துக்கொண்டு
நிறம் ஒப்பிட நிமிர்ந்தேன்.
நிமிர்ந்தேன் என்றுதான் சொன்னேன்.
பார்த்தேன் என்று சொல்லவில்லை.