வருகைப் பதிவு

வருஷத்துக்கு நூற்றெழுபத்தைந்து நாள்
பாடம் நடந்ததென்று
மாநிலத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.
அதற்கென்று ஒரு பச்சை நோட்டு,
சமையலறை இழுப்பறையில்
மெழுகுவத்திகளுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் நடுவே.

வீடே பள்ளிக்கூடமானால்
யார்தான் வராமல் போக முடியும்?
கெசியா, உள்ளேன்: மாடிப்படியில், ஒற்றைக் காலுறையோடு.
டோபியாஸ், உள்ளேன்: மேசைக்கடியில், நாயோடு.
மாரிட், உள்ளேன்: என் இடுப்பில்.
பசு கன்று ஈன்ற இரவை
உயிரியல் என்று எழுதினேன்.
ஆர்விட் டிராக்டர் கடனைக் கூட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் சாப்பிட்ட சாயங்காலத்தைக்
கணிதம் என்று எழுதினேன்.
மண் இறுகிக் கிடந்ததால்
மாமனாரைப் புதைக்க ஏப்ரல் வரை காத்திருந்தோம்.
அந்த நாட்களை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை.
வேதம் என்று எழுதினேன்.

காலை ஏழு ஐம்பதுக்கு
மஞ்சள் பஸ் எங்கள் பாதையில் போகும்.
தபால்பெட்டியருகே
இன்னமும் கொஞ்சம் வேகம் குறையும்.
பழக்கதோஷம்.
இரண்டு வருஷத்துக்கு முன்
டோபியாஸ் அதில் போய்வந்தவன்.
'எழுத்து இவனுக்குப் பிடிபடவில்லை,
சோதித்துப் பார்க்கலாமா?' என்றாள் மிசஸ் ஹாகன்.
அன்றே பையோடு பையனைக் கூட்டிவந்துவிட்டேன்.
கர்த்தர் தந்த பிள்ளையைக்
கர்த்தருக்குள் வளர்க்க, என்றேன் கேட்டவர்களிடம்.
அது பொய்யில்லை.
முழு உண்மையுமில்லை.

சபையின் நிலவறையில்
மேய்ப்பன் சங்கீதத்தை அவன் வாசித்தபோது
கரண்டிகள் நின்றன.
லிங்கன்பெரிப் பையில் பெரிய துண்டு அவனுக்கு.
பாராட்டு முழுவதும் எனக்கு.
மென்று விழுங்கினேன்.

ஜனவரியில் ஒரு காலை,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அதே சங்கீதம், அதே தெளிந்த குரல்.
மாரிட் கொட்டிய கஞ்சியைத் துடைக்கக்
குனிந்து நிமிர்ந்தவள்
அவன் தோளுக்கு மேலே பார்த்தேன்.
திறந்திருந்தது கோத்திரங்களின் தொகை.
இருபது வயதும் அதற்கு மேலும்,
இத்தனை ஆயிரம், இத்தனை நூறு.
விரல் ரூபன் வம்சத்தை எண்ணிக்கொண்டு போகிறது,
வாய் புல்வெளியில் மேய்கிறது.
தோராயமாய் ஓரிடத்தில்
பக்கத்தைக்கூடத் திருப்பினான்.

'ராத்திரி நான்தான் சொல்லிக்கொடுப்பேன்,'
என்றாள் கெசியா பாத்திரம் கழுவியபடி.
'மூணு தடவை கேட்டால் அவனுக்குப் போதும்.'
நாய்க்கும் தெரிந்திருக்கும்.
தெரியாதவள் வாத்தியாரம்மா ஒருத்திதான்.

கேஸ் தொட்டியின் மறைவில் நின்று ஜெபித்தேன்.
கண்ணிமை ஒட்டிக்கொண்டது.
பதில் என்று எதுவும் கேட்கவில்லை,
காற்றுதான்.
மிசஸ் ஹாகனின் தொலைபேசி எண்ணை
நான் இன்னும் அழிக்கவில்லை என்பது மட்டும்
எங்கிருந்தோ ஞாபகம் வந்தது.
அன்றைய கட்டத்தை
நோட்டில் காலியாக விட்டேன்.

அவள் எதையும் கிளறவில்லை.
'இரண்டு மணிநேரமாகும். காப்பி அங்கே இருக்கிறது.'
குழந்தைகளின் நாற்காலியில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை
அவன் தடவித் தடவிப் பார்த்தான்,
புதுக்கன்றின் நெற்றியைத் தடவுகிறவனாக.

இனிச் செவ்வாயும் வியாழனும் இங்கே.
மற்ற நாட்கள் மேசையில்தான்.
ஆர்விட்டுக்குப் பெட்ரோல் கணக்கு உதைக்கிறது.
சபையில் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.

திரும்பும் வழியில், பிக்கப்பில் கேட்டான்:
'இனிமேல் சங்கீதத்தைப் பார்த்துத்தான் சொல்லணுமா?'
'கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம்.'
மூடிக்கொண்டான். ஆரம்பித்தான்.
நானும் கூடவே சொன்னேன்.
தானியக் கிடங்கு தாண்டியதும்
பனிப்புழுதி பாதையை மறைத்தது.
வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில்
பாதியில் எனக்கு வரி தப்பிவிட்டது.

கண்ணைத் திறக்காமலே
எடுத்துக் கொடுத்தான்.