பர்லியார் சோதனைச் சாவடி

பிளாஸ்டிக் எதுவும் மலையேறக் கூடாது.
என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்
குவியலில் எறிந்த கையோடு
பையைத் துழாவினார் செவந்தியக்கா.
'இதென்ன கண்ணு?'

இரு முனையும் உருக்கி அடைத்த கண்ணாடிக் குழாய்.
உள்ளே ஆர்கான் வாயு,
நகத்தளவு ஒரு சில்லு,
அதன்மேல் விளக்குக் கரிபோல் படிந்த கறுப்பு.
'காந்தம்.'
'இரும்பாட்டம் இல்லியே?'
இரும்பில்லை அக்கா, கரிமம், நைட்ரஜன், கொஞ்சம் வனேடியம்.
பிளாஸ்டிக்குக்குச் சித்தப்பா பிள்ளை
என்று சொல்ல வந்து விழுங்கினேன்.
கண்ணாடியைச் சுண்டிப் பார்த்துவிட்டு
'சரி, போ.'

மிச்சமிருந்த கொண்டை ஊசி வளைவெல்லாம்
குழாயை மடியில் நிமிர்த்தியே பிடித்திருந்தேன்
சாய்ந்தால் உள்ளிருக்கும் திசை
சிந்திவிடும் என்பதுபோல.

அருவங்காட்டில் ஆலைச் சங்கு ஊதியபோது
ரமணி பெள்ளன் மின்சாரத்தைத் திறந்தாள்.
கறுப்புப் படலம் ஒரு சோலைக்காடு,
எலெக்ட்ரான் அதில் மரத்துக்கு மரம் தாவித்
தடுமாறித்தான் வரும்.
கீழே காலியம் ஆர்சனைடு,
கவ்வாத்து வெட்டிய தேயிலைச் சரிவு, வரிசை பிசகாதது.
இரண்டும் தொடும் இடத்தில் சாவடி இல்லை,
பையைத் துழாவ ஆளில்லை.
ஆனாலும் தற்சுழற்சியை
அங்கேயே போட்டுவிட்டு நுழைபவைதான் ஏராளம்.

போடாமல் வந்தவை எத்தனை?
உள்ளே போய்ப் பார்க்க முடியாது.
சில்லு உமிழும் வெளிச்சத்தைத்தான் கேட்க வேண்டும்.
வலஞ்சுழி ஒளி, இடஞ்சுழி ஒளி
இரண்டையும் பிரித்து எண்ணினோம்,
நைட்ரஜன் ஊற்றி ஊற்றி,
ஊட்டியின் உறைபனியெல்லாம் எங்களுக்குக் கோடை.
விடியற்காலை மூன்றே காலுக்கு
ஆயிரத்துக்கு ஒன்று
வலப்பக்கம் கூடியிருந்தது.
ரமணி நம்பவில்லை.
காந்தப்புலத்தைத் திருப்பிப் போட்டாள்.
அந்த ஒன்று
இடப்பக்கம் போய் நின்றது.
இருவரும் எதுவும் பேசாமல்
வர்க்கியை ஆறிய டீயில் நனைத்துத் தின்றோம்.

வியாழக்கிழமை ரப்பர் வளையம் ஒன்று கசிந்தது.
மயிரிழை வழி. அதுபோதும் மஞ்சுக்கு.
கறுப்பு வெளிறியது.
வளைகோடு படுத்துவிட்டது.

கீழிறங்கும் பேருந்தை
சாவடியில் யாரும் நிறுத்துவதில்லை.
டீக்காக ஓட்டுநர்தான் நிறுத்தினார்.
'உன் காந்தம் எங்க?'
'காத்துப் பட்டுருச்சுக்கா. செத்துப்போச்சு.'
செவந்தியக்கா
தன் முதுகுக்குப் பின்னால் ஆளுயரம் கிடந்த
பாட்டில் குவியலைக் காட்டினார்.
'மூணு மழை பார்த்தாச்சு.
ஒண்ணாச்சும் சாகுதா பாரு.'