வெறும் பாலாடை

இரவு ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினாள்
பெரியநாயகி.
கையில் பாலாடை.
எங்கள் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் என்று
தெருவுக்கே தெரியும்.
எதற்கு வந்தாள் என்று எனக்கும் தெரியும்.

"மண்ண அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்குதாம்.
கண்ணத் தொறக்க முடியல.
நாலு சொட்டு போதும்."

உப்பனாற்றங்கரைப் படகுப் பட்டறையில்
அவள் வீட்டுக்காரர் இருசப்பன் வெல்டர்.
ஒரு கையில் ராடு, மறு கையில் தகடு.
கறுப்புக் கண்ணாடி வைத்த கைமூடி
கருவிப்பெட்டி மேல் மல்லாந்து கிடக்கும்.
அதைப் பிடிக்க மூணாவது கை ஏது என்பார்.
ஒரு டேக் அடிக்கிறதுதானே,
கண்ணை இறுக்கிக்கிட்டா ஆச்சு என்பார்.
அந்த வெளிச்சம் இமைக்காகக் காத்திருப்பதில்லை.
பகலில் ஒன்றும் செய்யாது.
ஊர் அடங்கியபின் வரும், கடன்காரனைப் போல.

முன்பு ஒருமுறை கொடுத்தேன்.
பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் பீய்ச்சி, பாலாடையை நீட்டினேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது,
மருந்துக்கடை மூடிய நேரத்தில்
நானே மருந்தாக இருப்பது.

நாலாம் நாள் வலது கண்ணில் பீளை.
பத்தாம் நாள்
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் கட்டில்.
"கண்ணுல என்ன விட்டீங்க?" என்று
டாக்டரம்மா மூன்று முறை கேட்டாராம்.
தண்ணிதான் என்றாராம் இருசப்பன்
மூன்று முறையும்.
அடுத்த கட்டில்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாலா, இரும்புத் தூளா,
எண்ணெய்க் கையால் கசக்கியதா,
யார் கண்டது.
கருவிழியில் வெள்ளை நின்றுவிட்டது,
நொய்யரிசி அளவுக்கு.
இப்போது என் பிள்ளையைப் பார்க்கத்
தலையைச் சாய்க்கிறார், காக்கையைப் போல.
"தங்கம்" என்கிறார்.
எனக்குத்தான் அங்கே நிற்க முடிவதில்லை.

"பால் இல்லை" என்றேன்.

உள்ளே பிள்ளை சிணுங்கியது.
உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.
ரவிக்கை இரண்டு வட்டமாக நனைவதைத்
தெருவிளக்கில் அவள் பார்த்தாள்.
பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

துவைத்த துண்டை ஆறிய வெந்நீரில் நனைத்துக் கொடுத்தேன்.
மூடின இமைமேல் போடு.
கசக்க விடாதே.
விடிந்ததும் கூட்டிப் போ,
இந்தத் தடவை எல்லாத்தையும் சொல்லச் சொல்.
ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் நீட்டினேன்.
துண்டை வாங்கினாள். பணத்தை வாங்கவில்லை.
பாலாடையைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து குழாயடியில்
என் குடம் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை.
துண்டு மட்டும் மடித்து வந்தது,
சின்ன மகன் கையில்.
பாலாடையைக் கேட்கவுமில்லை.
கொதிக்கவைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

மாடியில் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கையில்
ஆற்றுப்பக்கம் நீலம் வெட்டும்.
பிள்ளை முகத்தைக் கழுத்துக்குள் புதைத்துக்கொள்வேன்.
அந்த நீலத்தைப் பிடித்திருப்பவர்
முகத்தில் என்ன மாட்டியிருக்கிறார் என்று
இவ்வளவு தூரத்துக்குத் தெரியாது.

நேற்று அவர்கள் கொடியில்
சட்டை, கைலி, பள்ளிக்கூட டவுசர்,
கடைசியில் ஒற்றைக் கிளிப்பில்
தலையில் மாட்டும் மூடியின் நெற்றிப்பட்டை,
வியர்வை உப்புப் போகக்
கசக்கிப் பிழிந்து.