ஏழின் வால்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஆயிரத்து நானூறு மீட்டர்களுக்கு முன்னால்
அண்ணாந்து நிற்கிறவன் நான்.
யூனிட்டைக் குறித்துக்கொண்டு போகத்தான் சம்பளம்.
பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கூடாதென்று
இதுவரை சர்க்குலர் எதுவும் வரவில்லை.

பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டினால்
பஞ்சர் கடை மாசானமுத்து வீடு.
மீட்டர் பெட்டி நனையாமலிருக்க
லாரி டியூபை அறுத்து ஒரு கூரை அடித்திருக்கிறார்.
சரி, மழைக்கு.
அதன் ஓரத்தை மீன்செதில்போல
வளைவு வளைவாக நறுக்கியிருப்பது
எந்த மழைக்கு?

மேலப்பாளையம் மைதீன் பாத்துவின் வெள்ளை அட்டைக்குப்
பழைய சட்டைக் கையில் தைத்த உறை.
மூலையில் மஞ்சள் நூலில் ஒரு வாத்து;
கால் ஒன்றுதான்.
"நூல் தீந்துபோச்சா?" என்றேன்.
"இன்னொண்ணு தண்ணிக்குள்ள இருக்குல்லா அண்ணாச்சி"
என்றாள், பீடித் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.
தெருமுனை வரைக்கும்
என் செருப்பு ஈரமாக இருந்தது.

கே.டி.சி. நகரில் கிரானைட் பதித்த வீடொன்று.
நாய் ஜாக்கிரதை. செருப்பைக் கழற்றவும்.
சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது.
இங்கே ஒன்றுமில்லை என்று திரும்புகையில்
உள்ளே குக்கர் மூன்று விசில் அடித்தது.
நாலாவதை யாரோ வாயால் அடித்தார்கள்,
அதே சுருதியில்,
கடைசியில் ஒரு குழைவு சேர்த்து.

ஆற்றில் வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள்
சிந்துபூந்துறைக்கு அனுப்பினார்கள்,
முங்கிப்போன மீட்டர்களைக் கணக்கெடுக்க.
தங்கபுஷ்பம் வீட்டில் கட்டில் இல்லை, கதவு இல்லை,
பிள்ளைகளின் பாடப்புத்தகம் கொழகொழவென்று ஒரே கட்டி.
தண்ணீர் வந்து நின்ற மட்டம்
சுவரில் நெஞ்சளவுக்கு ஒரு செம்மண் கோடு.
கோட்டின்மேல், கரித்துண்டால் போட்டது,
மூன்று பனை.

"இது ஆரு போட்டது?"
"அரிசி வண்டி எப்ப வரும்னு சொன்னாவளா சார்?"
கேட்டவளின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கருப்பு.
நான் எழுதினேன்: மீட்டர் பழுது, மாற்ற வேண்டும்.
படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னாள்,
"நடுப்பனை கொஞ்சம் சாஞ்சிட்டு."

வயிறு நிறைந்த பிறகு வருவது என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.
அது அரிசி வண்டிக்கு முன்னாலேயே
வந்து உட்கார்ந்திருக்கிறது.

ராத்திரி இதையெல்லாம் சொன்னால்
"சோலியப் பாக்காம எதைப் பாத்துட்டு அலையுதிய"
என்கிறாள் ஆவுடைச்செல்வி.
சொல்லிக்கொண்டே சொதியின்மேல்
ஒரு கறிவேப்பிலை இணுக்கை வைத்தாள்,
எடுத்தாள்,
கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வைத்தாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.
அட்டையில் எழுதும் ஏழுக்கு மட்டும்
கீழே ஒரு வால் இழுப்பேன், அணில் வால்.
இருபத்திரண்டு வருஷமாக.
காய்ச்சலில் கை நடுங்கிய நாளிலும் இழுத்தேன்.
ஏ.இ. ஒருதடவை உற்றுப் பார்த்தார்:
"இது ஏழா, ஒன்பதா?"
"ஏழுதான் சார். வால் என்னோடது."

இப்போது கையில் மெஷின் கொடுத்திருக்கிறார்கள்.
பட்டனை அழுத்தினால் ஏழு விழும், மொட்டையாக.
நல்லதுதான், தப்பு வராது.

நேற்று வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றேன்.
பைக் டேங்கில் செம்மண் தூசி.
விரல் போய்விட்டது.
பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரனை அடித்துத் தள்ளுகிறான்,
பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ,
வால் பாதியில் நிற்கிறது.