வரவு, செலவு

ரயில் மண்டபத்தோடு நின்றுபோன வருடம்.
புதுப் பாலம் இன்னும் முடியவில்லை.
எனக்குப் பஸ்தான்.
திருப்பூரில் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி
ராத்திரி இரண்டு மணிக்கு டவுன் பஸ் பிடித்து
மாட்டுத்தாவணி போய்,
பாம்பன் என்றாலும் ராமேஸ்வரத்துக்கே
டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரோடு
சண்டை போட்டும் போடாமலும்
பதினேழு முறை.

அப்பா ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதியவர்,
முப்பத்தொரு வருடம்.
எந்தப் படகுக்கு எத்தனை பார்,
யார் ரொக்கம், யார் கடன்,
உடைந்த பார் யார் தலையில்.
பிப்ரவரியில் அவருக்கு மூத்திரம் அடைத்தது.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டியூப் போட்டு அனுப்பினார்கள்.
பஸ்ஸில் பையை எங்கே மாட்டுவதென்று
யாரும் சொல்லித் தரவில்லை.
மஞ்சள் துணிப்பைக்குள் வைத்து மடியில் ஏந்திக்கொண்டார்,
பழம் வாங்கி வருகிறவர்போல.

கச்சத்தீவுத் திருவிழாவுக்கு
முன்னமே பெயர் கொடுத்திருந்தார்.
இந்த நிலையில் படகா என்றோம்.
"அந்தோணியாருக்குத் தெரியாத டியூபா?"
அனுப்பவில்லை.
மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

தடைக்காலம் வந்தது.
அறுபத்தோரு நாளும் கிளாட்வின் அண்ணன் முறை.
காற்றின் திசையை மூக்கால் சொல்கிறவன்
அம்மாவின் சர்க்கரை ஊசியைப் பிடித்துக்கொண்டு
தெற்குவாடியிலிருந்து போன் செய்வான்:
"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"
ஒவ்வொரு ராத்திரியும் அதே கேள்வி.
ஜூன் பதினைந்து விடியுமுன்னே
டீசல் அடித்து ஐஸ் ஏற்றிப் போய்விட்டான்.

பிறகு இருவரையும் என்னோடு கூட்டி வந்தேன்.
கடல் சத்தமில்லாமல் தூங்குவார்களா
என்று தெருவே கேட்டது.
எங்கள் மாடிக்குக் கீழே நிட்டிங் மெஷின்,
இரவு பகல் கிடையாது.
அப்பாவுக்கு முதல் ராத்திரியே குறட்டை.
"கம்ப்ரசர் சத்தம்மா இது,
நம்ம கம்பெனி மாதிரியே."
கரண்டு போனால்தான் விழிப்பார்.
பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றி
நாற்பது வருடம் பாசி எடுத்த அம்மா
ஹீட்டர் தண்ணீருக்குக் கீழே நின்றுகொண்டு
வெளியே வர மறுத்தாள்.
"அந்த உப்புத் தண்ணிக்கு இனி என்னையக் கூப்பிடாத."

நான்தான் கெடுத்தேன்.
ஷைனிக்குப் பரீட்சை, எனக்கு நைட் ஷிப்ட்,
ஏதோ ஒன்றுக்குக் குரலை உயர்த்தினேன்.
எதற்கென்று ஞாபகமில்லை,
குக்கர் என்று நினைக்கிறேன்.
மறுநாள் காலை வேட்டிகளை மடித்துப்
பைக்குள் வைத்திருந்தார் அப்பா.
அம்மா ஹீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு
செருப்பு மாட்டினாள்.

நவம்பரில் மூன்றாம் எண் கூண்டு.
படகுகள் கரையில், அண்ணன் வீட்டில்.
அவன்தான் இருக்கிறானே என்று
வருவதாய்ச் சொன்ன சனிக்கிழமை
நான் போகவில்லை.
ஷிப்மென்ட் என்றேன்.
ஷிப்மென்ட்டும் இருந்தது.

கிறிஸ்துமஸுக்குப் போனபோது
குடில் கட்ட நூல் தேடினேன்.
அலமாரியில் பழைய ஐஸ் கம்பெனி லெட்ஜர்,
மிச்சப் பக்கங்களில் அப்பாவின் கையெழுத்து.
நடுவில் ஒரு கோடு.

வரவு: ச. ராணி. ஆரஞ்சு ஒரு கிலோ.
செலவு: ச. ராணி. காலை 9.10 வண்டி.
வரவு: கிளாட்வின். நாள் 61.
செலவு: கிளாட்வின். கடல்.
வரவு: ஷைனி, பள்ளிக்கூடம் விட்டு.
வரவு: ஷைனி, பள்ளிக்கூடம் விட்டு.
திருப்பூரில் இருந்த நாளெல்லாம் இதே வரி.

நவம்பர் சனிக்கிழமைக்குத்
தேதி பேனாவில்,
பெயர் மட்டும் பென்சிலில்.
அழித்த தடம் வெள்ளையாக.

ஜனவரி இரண்டாம் தேதி கிளம்பினேன்.
அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.
தலையணைக்கு அடியில்தான் இருந்தது,
காது தெரிந்தது.
எடுத்துக் கொடுக்கவில்லை.
பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று
அம்மாவின் காலை மடியில் வைத்து
நகம் வெட்ட உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு விரலாக.
அப்பா பேனாவின் மூடியைத் திறந்து
கையில் வைத்திருந்தார்.