ஒன்பதாம் ஷரத்து

முனிச்சாலைக்குப் பின்னால்
லோடு ஆட்டோ திரும்ப முடியாத சந்தில்
பதினோரு வீட்டு வளவு.
ஒரு குழாய், ரெண்டு கக்கூஸ்,
ஏழே கால் சென்ட்டில் நாப்பத்திரெண்டு பேர்.

பக்கத்து வளவு இப்போது லாட்ஜ்.
ஒரு ராத்திரிக்கு அங்கே வாங்குவது
எங்கள் ஒரு மாச வாடகை.
அங்கிருந்த ஒன்பது குடும்பமும்
ஊமச்சிகுளம் தாண்டி எங்கெங்கேயோ.
ஜைத்தூன் மட்டும்
விடியுமுன் ரெண்டு பஸ் மாறி வந்து
லாட்ஜ் வாசலிலேயே இட்லி அவிக்கிறாள்.

எங்கள் ஓனர் மகனும் வந்து
சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

எப்படி வாங்கினோம் என்று கேட்காதீர்கள்.
ஏலச்சீட்டு, குழு லோன்,
பிலவேந்திரனின் பி.எஃப்., மாரிக்கனியின் தோடு,
ஓனர் தரவேண்டிய அட்வான்ஸைக் கழித்தது போக
பதினாறு வருஷத்துக்குக் கடன்.

பத்திர ஆபீசில் டோக்கன் முப்பத்தேழு.
“வாங்குறது யாரு?”
“சங்கம்.”
“அது சரிம்மா, ஆள் யாரு?”
பதினோரு பேரும் எழுந்தோம்.

ஷரத்து எழுதிய ராத்திரி கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில்
ஒன்பதாவதைச் சொன்னது நான்தான்:
வெளியாளுக்கு விற்கக் கூடாது.
போகிறவர் போட்டதையும் பாங்க் வட்டியையும்
எடுத்துக்கொண்டு போகலாம்.
ஏறின விலை மண்ணோடு இருக்கும்.
“நாளைக்கு உனக்கே ஒரு தேவை வந்தா?”
சோணை கேட்டான்.
வரட்டும் என்றேன்.
வாய்.

வந்தது.
ஆனி மாசம், அவருக்கு வால்வில் அடைப்பு.
எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ
புரோக்கர் குழாயடியில் நின்று
என் பங்குக்கு மட்டும் ஒரு தொகை சொன்னான்.
அன்றைக்கு ராத்திரி முழுக்க
பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
எழுந்து நோட்டை விரித்தால்
என் கையெழுத்து:
‘விற்க்கக் கூடாது.’
ஒரு க் கூடுதல்.
அன்றைக்கு அவ்வளவு அழுத்தம்.

சோணையிடம் போய் நின்றேன்.
அப்பவே சொன்னேன்ல என்று
அவன் சொல்லியிருந்தால் தேவலை.
கணக்குப் பெட்டியைத் திறந்தான்.
கக்கூஸுக்குப் புதுக் கதவு போட
வைத்திருந்த பணம்.
கூட்டம் போட்டு, கை தூக்கி, எழுதிக் கொடுத்தார்கள்.
பாதிக்குத்தான் வந்தது. மீதிக்கு வட்டி.

அவர் நடக்கிறார், மெதுவாக.
கதவுக்குப் பதில்
இன்னும் சாக்குத்தான் தொங்குகிறது.
யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
எல்லோரும் இருமிவிட்டுத்தான்
உள்ளே போகிறார்கள்.
ஒவ்வொரு இருமலுக்கும்
எனக்குத்தான் தலை குனிகிறது.